புத்தகம் ‘எடு’ என்கிறது... டாக்டர் ‘வை’ என்கிறார்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ரகளை.

“போனைக் குடு சாமி! கண்ணாடி போட்டு முழுசா ரெண்டு வாரம் ஆகலை. டாக்டர் என்ன சொல்லி அனுப்புனாரு?”

“கேம் இல்லைங்கம்மா! புஸ்தகத்துலயே போட்டிருக்குது, பாருங்க. இதை ஸ்கேன் பண்ணித்தான் பார்க்கோணும்!”

என்னைப் பார்த்ததும் இருவருக்கும் ஒரு நீதிபதி கிடைத்த சந்தோஷம். “அக்கா, நீங்களே சொல்லுங்க” என்று தங்கை ஒரு பக்கம். “பெரியம்மா, நீங்க பாருங்க” என்று ஏழாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் இன்னொரு பக்கம். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பாடத்தின் கடைசியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பக்கம். ஓரத்தில் கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள் போட்ட கியூ.ஆர். கோடு. பையன் சொன்னது பொய் இல்லை.

தங்கை சொன்னதும் பொய் இல்லை. பையனின் மூக்கின் மேல் புதுக் கண்ணாடி. வலது கண்ணில் மைனஸ் இரண்டேகால், இடது கண்ணில் மைனஸ் இரண்டு.

புத்தகம் போனை எடு என்கிறது. டாக்டர் போனைக் கீழே வை என்கிறார். நடுவில் நிற்கிற அம்மா என்ன செய்வாள்? இந்தச் சண்டை பொள்ளாச்சியில் மட்டுமா நடக்கிறது? இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் நேற்று சாயங்காலம் நடந்திருக்கும்!

இந்த வீட்டில் கூடவே ஒரு மனஸ்தாபமும் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பையன், ஆறாம் வகுப்பில் இருந்து மார்க்கில் சறுக்கிக்கொண்டே வந்தான். கணக்கில் நாற்பது, அறிவியலில் முப்பத்தெட்டு. “எந்நேரமும் போன்... அதான் மூளை மழுங்கிப்போச்சு” என்று வீடே முடிவு கட்டிவிட்டது. கொப்பரை வியாபாரம் பார்க்கும் மாப்பிள்ளை கோபத்தில் ஒருநாள் போனை பீரோவில் வைத்துப் பூட்டியும் பார்த்தார். மார்க் ஏறவில்லை.

உண்மை தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. அவன் நோட்டைப் புரட்டிய தங்கைக்கு ஒரு சந்தேகம். எல்லாப் பக்கத்திலும் பாதிப் பாதி வாக்கியங்கள். “என்றா இது?” என்று கேட்டால், “போர்டுல எழுதறது எனக்குத் தெரியறதில்லைங்கம்மா. பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்துத்தான் எழுதுறேன். அவன் பக்கம் திருப்பறதுக்குள்ள எவ்வளவு முடியுமோ அவ்வளவு” என்றானாம் அமைதியாக! எத்தனை மாதமாக? அவனுக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் போர்டு அப்படித்தான் மங்கலாகத் தெரியும் என்று நினைத்திருக்கிறான் பாவம்.

கிட்டப்பார்வை வந்த குழந்தை “எனக்குப் பார்வை மங்கல்” என்று வந்து சொல்லாது. மங்கலாக இல்லாமல் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு? அடையாளங்களை நாம்தான் கவனிக்க வேண்டும். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பது, டி.வி.க்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து போய் உட்கார்வது, பஸ்ஸின் போர்டைப் படிக்கத் தெரியாமல் பக்கத்தில் வந்தபின் ஓடுவது, அடிக்கடி தலைவலி என்பது, நோட்டில் இப்படி அரைகுறை வாக்கியங்கள். மார்க் குறைந்தால் திட்டுவதற்கு முன்னால் ஒருமுறை கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்!

வீட்டுக்குள் வந்த புலி

இந்தப் பையனுக்கும் போனுக்கும் உறவு ஆரம்பித்தது 2020-ல். மார்ச்சில் ஊரடங்கு. அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. அந்த வருஷம் கூகிளில் ‘புலி’ என்று ஆங்கிலத்தில் தேடினால், முப்பரிமாணத்தில் ஒரு புலி வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் அது நம் வீட்டுக் கூடத்திலேயே வந்து நின்று உறுமும். ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வீடு புலியோடு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தோமே! அதேதான். டாப்சிலிப் காட்டில் கூட புலியைப் பார்க்காத எங்கள் அப்பா, தன் பேரன் காட்டிய புலியைப் பார்த்துக் கயிற்றுக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இதற்குத்தான் ஆக்மெண்டட் ரியாலிட்டி என்று பெயர். சுருக்கமாக ஏ.ஆர். தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். உங்கள் கூடம் நிஜம், கட்டில் நிஜம், நடுவில் நிற்கும் புலி மட்டும் பொய். கண்ணை முழுவதும் மூடும் பெட்டியை மாட்டிக்கொண்டு வேறொரு உலகத்துக்கே போவது வேறு. அது வர்ச்சுவல் ரியாலிட்டி.

எப்படி நடக்கிறது? போனின் கேமரா தரையைப் பார்க்கிறது. டைல்ஸ் கோடு, கட்டில் கால், மிதியடி ஓரம் என்று எளிதில் அடையாளம் தெரிகிற நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் குறித்துக்கொள்கிறது. போன் எவ்வளவு சாய்ந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல உள்ளே சின்னஞ்சிறு கருவிகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு அடி நகர்ந்தால் அந்தப் புள்ளிகள் எவ்வளவு நகர்ந்தன என்று கணக்குப் போட்டு, புலியையும் அதே அளவு திருப்பி வரைகிறது. நொடிக்குப் பலமுறை. அதனால்தான் புலி தரையில் ஒட்டியது போல நிற்கிறது. வெளிச்சம் குறைந்த அறையிலும், ஒரே நிறத்தில் வழவழப்பாக இருக்கும் தரையிலும் அது மிதப்பதற்குக் காரணமும் இதுதான். பிடித்துக்கொள்ளப் புள்ளி கிடைப்பதில்லை.

புலி பார்த்தாயிற்று. படிப்புக்கு இதனால் என்ன? தட்டையான படத்தில் புரியாத சமாசாரங்கள் சில உண்டு. இதயத்தின் நாலு அறைகள், ரத்தம் எதில் நுழைந்து எதில் வெளியேறுகிறது என்பது, பூமியைச் சுற்றும் நிலா ஏன் தேய்கிறது என்பது, கன உருவங்களின் வெட்டுத் தோற்றம். இவற்றைச் சுற்றி வந்து பார்த்தால் சட்டென்று பிடிபடும். திருக்குறளுக்கோ வாய்ப்பாட்டுக்கோ அது தேவையில்லை. அதற்கு வாய் போதும்.

கார் கம்பெனியில் பிறந்த கட்டம்

பாடப்புத்தகத்தில் இந்தக் கறுப்பு, வெள்ளைக் கட்டம் எப்படி வந்தது என்பது சுவாரசியமான கதை. 1994-ல் ஜப்பானில் டென்சோ வேவ் என்ற கம்பெனியில் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர் குழுவினர் உருவாக்கியது இது. எதற்கு? கார் உதிரி பாகங்களுக்கு அடையாளம் போட! இன்று இளநீர்க் கடையில் பணம் கட்டுவதுவரை வந்துவிட்டது.

இந்தியாவில் இதைப் பாடப்புத்தகத்தில் ஒட்டிப் பார்த்தவர்களில் முன்னோடி ரஞ்சித்சிங் டிசாலே. மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டம், பாரிதேவாடி கிராமத்து ஜில்லா பரிஷத் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவர் போனபோது, பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம், புத்தகம் வேறு மொழியில். தானே கன்னடம் கற்றுக்கொண்டு, பாடங்களைப் பிள்ளைகளின் மொழியில் மாற்றி, ஒலி, வீடியோ, கதைகளை கியூ.ஆர். கோடாகப் புத்தகத்தில் சேர்த்தார். 2020-ல் உலக ஆசிரியர் விருது, பத்து லட்சம் டாலர் கிடைத்தது அவருக்கு. அதில் பாதியைத் தன்னோடு இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஆசிரியர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார், மனுஷன்!

மத்திய அரசின் ‘தீக்ஷா’ தளம் 2017 ஆசிரியர் தினத்தன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 2018-ல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதுப் பாடப்புத்தகங்கள் வந்தபோது கியூ.ஆர். கோடும் கூடவே வந்தது. அடுத்த வருஷம் மற்ற வகுப்புகளுக்கும். 2019-ல் கல்வித் தொலைக்காட்சி. 2023-ல் ‘மணற்கேணி’ செயலி. தோண்டத் தோண்ட ஊறும் கேணி என்று வள்ளுவர் கல்வியைச் சொன்னாரே, அந்தப் பெயர்.

ஆக, ‘போனைத் தொடவே கூடாது’ என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாத நிலைமை. இனி கேள்வி, போனில் எது, எவ்வளவு, எப்படி என்பதுதான்.

பாகற்காய் மேல் வெல்லப்பாகு

‘படிப்பு விளையாட்டு’ என்ற பெயரில் ஆயிரம் செயலிகள் கிடைக்கின்றன. பெரும்பாலானவை என்ன தெரியுமா? பாகற்காய்ப் பொரியல் மேல் வெல்லப்பாகு ஊற்றின கதை. நடுவில் ஒரு கூட்டல் கணக்கு, முன்னும் பின்னும் பத்து நிமிஷம் குதித்தல், சுடுதல், நாணயம் பொறுக்கல். பிள்ளை பாகை மட்டும் நக்கிவிட்டுப் பொரியலை ஒதுக்கி வைத்துவிடும்.

நல்ல விளையாட்டில், விளையாட்டும் பாடமும் ஒன்றாகவே இருக்கும். பாடம் புரியாமல் அடுத்த கட்டம் போகவே முடியாது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ‘பெட்’ என்ற திட்டத்தின் பயிற்சிகள் அப்படிப்பட்டவை. இலவசம். பலவற்றைத் தமிழிலும் பார்க்கலாம். அதில் அணுவைக் கட்டும் பயிற்சி ஒன்று. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரானைக் கூடையில் இருந்து எடுத்து எடுத்துப் போட வேண்டும். ஒரு புரோட்டானைக் கூடுதலாகப் போட்டால் தனிமத்தின் பெயரே மாறிவிடும். ஒரு எலக்ட்ரானைக் குறைத்தால் அயனி. அன்று சின்னவனிடம் இதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில், “பெரியம்மா, புரோட்டான் மாறுனாத்தான் பேர் மாறுது. எலக்ட்ரான் மாறுனா மாறறதில்லை!” என்று கத்தினான். புத்தகத்தில் அது ஒரு வரி. வகுப்பில் அவன் தெரியாத போர்டில் எங்கோ ஒரு மூலையில் எழுதப்பட்டிருந்த வரி.

கணக்குக்கு ‘ஜியோஜீப்ரா’ இருக்கிறது. ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் ஆரம்பித்தது. முக்கோணத்தின் முனையைப் பிடித்து எப்படி இழுத்தாலும் மூன்று கோணமும் சேர்ந்து 180 பாகையாகவே நிற்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்.

ஆனால் ஒன்று. பார்த்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “இப்ப என்ன பார்த்தேன்னு எனக்குச் சொல்லு” என்று கேளுங்கள். இது என் சொந்தச் சரக்கு இல்லை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிகே என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் காட்டியது. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டு நினைவில் இருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்தும் அதிகம் நினைவு இருந்தது. பளபளக்கும் வீடியோவைப் பார்த்தால் ‘எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது’ என்ற மயக்கம் வரும். மூடி வைத்துச் சொல்லச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிள்ளை ‘புலி சூப்பரா இருந்துச்சு’ என்று மட்டும் சொன்னால், பார்த்தது வேடிக்கை. தப்பில்லை, ஆனால் அதைப் படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

யுனெஸ்கோ 2023-ல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கையிலும், கல்வித் தொழில்நுட்பம் நிஜமாகவே பலன் தருகிறது என்பதற்குப் பாரபட்சமற்ற சான்று குறைவு என்றுதான் எழுதியிருந்தார்கள். விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பி வருஷச் சந்தா கட்டிவிட வேண்டாம்.

கண்ணே... கண்ணின் மணியே...

இனி டாக்டர் பக்கம் வருவோம். கிட்டப்பார்வை என்றால் என்ன? கண் விழி முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. அதனால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடுகிறது. வளர்கிற வயதில் விழி நீள நீளப் பவரும் ஏறும். நீண்ட விழி பிறகு சுருங்காது. “கண்ணாடி போட்டால் பவர் ஏறும், போடாதே” என்று சொல்லும் சொந்தக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். கண்ணாடி போடாமல் இருந்தால் பவர் குறையாது. பையனுக்குப் போர்டுதான் தெரியாது. பவர் மிக அதிகமாகிப் போனால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் ஆபத்து கூடும். அதனால்தான் ஏறும் வேகத்தைக் குறைப்பதில் டாக்டர்கள் இவ்வளவு அக்கறை காட்டுகிறார்கள்.

போனா காரணம்? போன் மட்டும் இல்லை. பாரம்பரியம் உண்டு. அப்பா, அம்மா இருவருக்கும் கண்ணாடி என்றால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். கிட்டத்தில் வைத்து நெடுநேரம் பார்க்கும் எதுவும், கதைப் புத்தகமானாலும், கண்ணுக்கு வேலைதான். இன்னொரு பெரிய காரணத்தை நாம் கவனிப்பதே இல்லை: வெயில் படாமல் வளர்வது!

வீட்டுக்குள் டியூப் லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில் நின்றால்கூட பல ஆயிரம் லக்ஸ். அந்தப் பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரையில் டோபமின் என்ற பொருள் சுரந்து, விழி தேவைக்கு மேல் நீளாமல் தடுக்கிறது என்பது ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம். சீனாவில் குவாங்சௌ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே ஒரு வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். மூன்று வருஷ முடிவு 2015-ல் வெளியானது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவிகிதம். வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவிகிதம். செலவு? வெயில்! தைவானில் 2010-ல் இருந்து பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிஷம் வெளியே இருக்க வேண்டும் என்று ஒரு திட்டமே நடத்தினார்கள். வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாட்டு விகிதம் அதன்பிறகு இறங்க ஆரம்பித்தது.

வெயில் சும்மா கொட்டிக் கிடக்கிற பொள்ளாச்சியில் நம் பிள்ளைகள் ஸ்கூல், வேன், டியூஷன், வீடு என்று நான்கு சுவருக்குள்ளேயே சுற்றி வருகிறார்கள். என்ன சொல்வது, போங்கள்!

போனைப் பிடிக்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. மோவாய்க்கும் திரைக்கும் இடையே ஒரு முழங்கை தூரமாவது வேண்டும். படுத்துக்கொண்டு, போர்வைக்குள், விளக்கை அணைத்துவிட்டு... கூடவே கூடாது. சாதாரணமாக நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல் கண் சிமிட்டுவோம். திரையை உற்றுப் பார்க்கும்போது இது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கண் காய்ந்து, உறுத்தி, சிவந்து, பிள்ளை கசக்க ஆரம்பிக்கும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பால் இருக்கும் ஒன்றை, இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். தங்கை வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் எதிர்த் தோப்பின் தென்னைகள் தெரியும். “எந்த மரத்துல குலை தள்ளியிருக்குது, எண்ணிட்டு வா” என்பதுதான் இப்போது அந்த வீட்டு வைத்தியம்.

வீடியோ பாடம் என்றால் போனில் வேண்டாம். வீட்டில் டி.வி. இருக்கிறதல்லவா? அதில் போட்டுவிட்டு எட்டடி தள்ளி உட்கார வையுங்கள். கண்ணுக்குப் பாதி பாரம் குறையும். போன் தேவைப்படுவது கேமராவுக்கும் கையால் தொட்டுச் செய்யும் பயிற்சிக்கும் மட்டும்.

‘நீல ஒளி தடுக்கும் கண்ணாடி’ என்று கூடுதல் காசு கேட்பார்கள். 2023-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை அலசிப் பார்த்தது. கண் அயர்ச்சியைக் குறைப்பதில், சாதாரணக் கண்ணாடியைவிட அதனால் பெரிதாகப் பலன் இருப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. அந்தக் காசுக்கு ஒரு ஷட்டில் பேட் வாங்கலாம்.

எவ்வளவு நேரம்? இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் இது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், வெளியூர்த் தாத்தா பாட்டியோடு வீடியோவில் பேசுவது மட்டும் விலக்கு. இரண்டில் இருந்து ஐந்து வயது வரை, பெரியவர் பக்கத்தில் இருக்க, ஒரு மணி நேரத்துக்குள். ஐந்தில் இருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். அதற்கு மேல், தூக்கம், விளையாட்டு, படிப்பு, குடும்பத்தோடு பேசுவது எதையும் திரை விழுங்கிவிடாத அளவுக்கு. ஆறு வயதில் இருந்து பன்னிரண்டு வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன் ஹாலில் சார்ஜ் ஏறட்டும். உங்களுடையதும்தான்! நாம் சீரியலுக்கும் ரீல்ஸுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்கு உபதேசம் செய்தால் எடுபடுமா?

தோப்புக்குள் ஒரு பள்ளிக்கூடம்

போனும் வேண்டும், வெயிலும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன? அன்று சாயங்காலம் சின்னவனை ஆனைமலைப் பக்கம் எங்கள் அப்பாவின் தோப்புக்கு அழைத்துப் போனோம். போனில் ‘சீக்’ என்ற செயலி. ஐநேச்சுரலிஸ்ட் என்ற இயற்கை ஆர்வலர் தளத்தினர் பிள்ளைகளுக்காகச் செய்தது. பெயர், இமெயில் எதுவும் கேட்பதில்லை. கேமராவைச் செடியிடம் காட்டினால், திரையின் மேலே புள்ளிகள் ஒவ்வொன்றாக எரியும். முதலில் ‘பூக்கும் தாவரம்’, பிறகு குடும்பம், பிறகு பேரினம், நிச்சயமாகத் தெரிந்தால் இனத்தின் பெயர். அடையாளம் காணும் வேலையைப் போனுக்குள்ளேயே செய்து முடித்துவிடும்.

வரப்போரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பூ. பையன் குனிந்து, நிமிர்ந்து, சுற்றி வந்து காட்டினான். ‘லூகாஸ்’ என்று பேரினத்தோடு நின்றுவிட்டது செயலி. அதற்கு மேல் ஏறவில்லை.

“அது தும்பை கண்ணு” என்றார் அப்பா. “பூவைப் புடுங்கி அடியில உறிஞ்சிப் பாரு, தேன் இருக்கும்.”

அடுத்தது குப்பைமேனி. அதைச் சரியாகச் சொல்லிவிட்டது: அகாலிஃபா இண்டிகா. “அப்புச்சி, நீங்க முதல்ல சொல்லாதீங்க. அது சொல்லட்டும், அப்புறம் நீங்க சொல்லுங்க” என்று போட்டி வைத்தான் பையன். ஒரு மணி நேரத்தில் பதினோரு செடி. நோட்டில் இடது பக்கம் செயலி சொன்ன பெயர், வலது பக்கம் அப்புச்சி சொன்ன பெயர். செயலிக்கு ஏழு, அப்புச்சிக்குப் பதினொன்று. எழுபத்தாறு வயதில் அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

வேலியில் செங்காந்தள் படர்ந்திருந்தது. நம் மாநில மலர். கொங்குப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று மருந்துக் கம்பெனிகளுக்காகப் பயிர் செய்வதும் உண்டு. செயலி பெயரைச் சரியாகச் சொன்னது. பையன் கை நீட்டியபோது, “அதைத் தொட்ட கையை வாயில வெச்சுராத சாமி. கிழங்கு முழுக்க நஞ்சு” என்று அப்பா குறுக்கே கையை வைத்தார். உண்மைதான். அதில் இருக்கும் கோல்ச்சிசின் அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. இங்கே ஒரு எச்சரிக்கை: செயலி பெயர் சொல்லிவிட்டது என்பதற்காக எந்தக் கீரையையும் மூலிகையையும் காளானையும் பறித்துச் சாப்பிடவோ, கஷாயம் போடவோ கூடாது. அதுவும் தப்புச் சொல்லும்.

இன்னொன்று. ஏ.ஆர். விளையாட்டில் பிள்ளைகளின் கண் திரையில், கால் எங்கேயோ! 2016-ல் போக்கிமான் கோ வந்த புதிதில், திரையைப் பார்த்தபடி ரோட்டில் நடந்து அடிபட்டவர்கள் பல நாடுகளில் உண்டு. நம் தோப்பில் பாம்பு இருக்கும், வாய்க்கால் இருக்கும், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும். ‘நின்றால் போன், நடந்தால் பாக்கெட்’ என்று பையனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டோம். கிணற்று மேட்டுப் பக்கம் போனே கிடையாது.

இருட்டியதும் ‘ஸ்கை மேப்’. இதுவும் இலவசம். 2009-ல் கூகிள் ஊழியர்கள் செய்தது, பிறகு பொதுவில் விட்டுவிட்டார்கள். வானத்தைப் பார்த்துப் போனைத் தூக்கினால், அந்தத் திசையில் இருக்கும் கிரகம், நட்சத்திரத்தின் பெயரைக் காட்டும். களத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தோம். கண்ணாடி போட்ட பையன் திடீரென்று, “பெரியம்மா, இத்தனை நட்சத்திரம் இருக்குதா?” என்றான். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பணமும் பிடிவாதமும்

‘இலவசம்’ என்ற விளையாட்டுகளில் நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் வரும். சிலது காசு கேட்கும். யு.பி.ஐ. நம்பரைப் பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடு முழுக்க வந்தது. என்றாலும் நம் போனுக்கு நாமும் ஒரு பூட்டுப் போட்டு வைப்பது நல்லது. ஆண்ட்ராய்டு போனில் ‘ஆப் பின்னிங்’ என்று ஒரு வசதி இருக்கிறது. திறந்து கொடுத்த செயலியை விட்டு வேறு எங்கும் போக முடியாமல் பூட்டிவிடும். ‘ஃபேமிலி லிங்க்’ வைத்தால் நேரக் கட்டுப்பாடும் போடலாம். பத்து நிமிஷ வேலை, வீட்டுக் காலேஜ் பையனைக் கேட்டால் செய்து கொடுத்துவிடுவான்.

எல்லா விளையாட்டும் நோய் இல்லை. ஆனால் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவே முடியாமல், சாப்பாடு, குளியல், நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் மாதக்கணக்கில் விளையாடினால் அது ‘கேமிங் டிஸார்டர்’. உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரியில் இருந்து அது நடைமுறைக்கு வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-ல் இருந்தே இதற்கென்று ‘ஷட்’ என்ற தனிப் பிரிவு நடத்துகிறார்கள். பிள்ளையிடம் இந்த மாதிரி அடையாளம் தெரிந்தால் அடிக்காதீர்கள், போனை உடைக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

நாங்கள் கிளம்பும் முன் தங்கை வீட்டு பிரிட்ஜில் ஒரு பேப்பர் ஒட்டப்பட்டது. பையனே எழுதியது. ஸ்கூல் விட்டு வந்ததும் முதலில் வெளியே விளையாட்டு, வெயில் தாழும்வரை. பிறகு வீட்டுப்பாடம். புத்தகத்தில் கோடு இருந்தால் அரை மணி, கூடத்தில், எல்லோர் எதிரிலும். முடிந்ததும் போனைக் கவிழ்த்துவிட்டுச் சொல்லிக் காட்ட வேண்டும். எட்டரைக்கு மேல் போன் ஹாலில். கடைசியில் அவனாகவே ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘அப்பாவுக்கும் சேர்த்து’. மாப்பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கண் பரிசோதனை ஆறு மாதம் கழித்து. காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாள் தங்கை. பவர் நின்றிருக்குமா, ஏறியிருக்குமா என்று அன்றைக்குத்தான் தெரியும். அறிவியலில் இந்தத் தடவை ஐம்பத்தாறு.

போன வாரம் அப்பா போன் செய்தார். “ஏம்மிணி, அந்தச் செடி பேர் சொல்ற சமாசாரத்தை என்ற போன்லயும் போட்டுக் குடுக்கச் சொல்லு அவனை. வடக்கு வரப்புல எனக்கே பேர் தெரியாத களை ஒண்ணு மொளைச்சிருக்குது.”